வெள்ளை நூலை யார் வாசிப்பது?

1

வங்கத்துக் காந்தாவைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பத்தாவது நிமிடத்தில் ஜசீமுத்தீன் வந்துவிடுவார். வராமல் எப்படி? 1929இல் வெளியான அவருடைய ‘நக்‌ஷி காந்தார் மாட்’ என்ற நெடுங்கவிதைதான், பழம்புடவைகளை அடுக்கித் தைத்த ஒரு போர்வையை நவீன இலக்கியத்தின் நடுக்கூடத்தில் கொண்டுவந்து விரித்தது. ‘மாட்’ என்றால் வயல்வெளி. ‘நக்‌ஷி’ என்றால் சித்திரம் போட்டது. நம்முடைய ‘நகாசு வேலை’யில் இருக்கும் நகாசு இதற்குத் தூரத்துச் சொந்தம். ‘காந்தா’வுக்கு அகராதியே வேண்டாம். நம்ம ஊர்க் கந்தைதான் அது. ஒரே வேர்ச்சொல் அங்கே போர்வையாகவும் இங்கே கிழிசலாகவும் நின்றுவிட்டது.

கதை எளிமையானது. இரண்டு ஊர்கள், நடுவில் ஒரு வயல்வெளி. இந்த ஊரில் ரூபை என்ற இளைஞன், அந்த ஊரில் சாஜு என்ற பெண். காதல், கல்யாணம். பிறகு விளைந்த நெல்லை அத்துமீறி அறுக்க வந்தவர்களோடு அடிதடி நடக்கிறது, ஆட்கள் சாகிறார்கள். ரூபை தலைமறைவாகிறான். சாஜு காத்திருக்கிறாள். காத்திருக்கும் நாட்களில் ஒரு காந்தாவை விரித்து, தான் வாழ்ந்ததையெல்லாம் அதில் தைக்கிறாள். சாகும்போது அதைத் தன் கபர் மேல் விரிக்கச் சொல்லிவிட்டுப் போகிறாள். காலம் கழித்து ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள்: கபரின் ஓரத்தில் ஒருவன் இறந்து கிடக்கிறான், அந்தக் காந்தாவைப் போர்த்தியபடி.

இதைப் படித்துவிட்டுத் தொண்டை அடைக்காதவர்கள் குறைவு. ஃபரீத்பூர் பக்கத்து ஆள் ஜசீமுத்தீன். தினேஷ் சந்திர சென்னுக்காக ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல்களைச் சேகரித்தவர். கிராமத்தை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதவில்லை. மில்ஃபோர்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1939இல் வந்தது. அதன் பிறகு வங்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் காந்தா என்றால் சாஜுதான்.

இங்கிருந்து கிளம்பிய ஒரு சமன்பாடு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது: காந்தா என்பது எழுத்தறியாத பெண் எழுதிய புத்தகம். கண்காட்சிக் குறிப்புகளில், கடைகளின் விலைச்சீட்டுகளில், இன்ஸ்டாகிராம் பதிவுகளில் எல்லாம் இதே வரிதான் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. ‘ஒவ்வொரு தையலும் ஒரு கதை சொல்கிறது.’ என் சண்டை ஜசீமுத்தீனோடு இல்லை. இந்தச் சமன்பாட்டோடுதான். ஏனென்றால் காந்தாவில் இருக்கும் தையல்களில் பெரும்பாலானவை எந்தக் கதையையும் சொல்வதில்லை. அவைதான் காந்தாவைக் காந்தாவாக வைத்திருக்கின்றன.

2

ஒரு காந்தா எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் துணி. பல வருஷம் உடுத்தி, துவைத்துத் துவைத்து நைந்துபோன புடவைகளும் வேட்டிகளும். தனியாக எடுத்தால் விரல் பட்டாலே கிழியும். அவற்றை மூன்று, நான்கு, சில சமயம் ஏழு அடுக்காகத் தரையில் விரிக்கிறார்கள். மூலைகளில் கனமாக எதையாவது வைத்து, உள்ளங்கையால் நீவி நீவிச் சுருக்கம் எடுக்கிறார்கள். ஓரங்களை மடித்துத் தைத்து, நடுவில் நீளநீளமாகச் சில தற்காலிக ஓட்டுகள் போட்டுவிட்டால் பிறகு சுருட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம். சமையல் முடிந்த மத்தியானங்களில், மழைக்கால நாட்களில், பிரித்து உட்கார்ந்து தைக்கலாம். குளிருக்குப் போர்த்த ‘லேப்’, விருந்தாளிக்கு விரிக்க ‘சுஜனி’, கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்க ‘ஆர்ஷிலதா’ என்று பயனைப் பொறுத்துத் தடிமனும் அளவும் மாறும்.

நடுவில் ஒரு தாமரை. நான்கு மூலைகளிலிருந்தும் மையத்தைப் பார்த்துச் சாயும் நான்கு மரங்கள், அல்லது நாம் மாங்காய் என்று சொல்லும் வளைவுகள். இடையில் கிடைக்கும் இடத்தில் மனசுக்குப் பட்டதெல்லாம்: யானை, மயில், பல்லக்கு, ரயில், படகு, சீப்பு, பாக்குவெட்டி. கிருஷ்ணனுக்குப் பக்கத்தில் துப்பாக்கிச் சிப்பாய் நிற்பான். யாரும் யாரையும் பார்த்துத் திடுக்கிடுவதில்லை. இது முதலில் வந்தது, அது பிறகு வந்தது என்ற வரிசை இல்லை. போர்வையைச் சுற்றி நான்கு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு உருவம் நேராக நிற்கும். சாஜுவின் காந்தாவில் இருக்கும் ‘ஆரம்பம், நடு, முடிவு’ பெரும்பாலான பழைய காந்தாக்களில் கிடையாது.

உருவங்களின் வெளிக்கோடு முதலில் வரும். பிறகு உள்ளே நிரப்புவார்கள். அதன் பிறகுதான் பெரிய வேலை ஆரம்பிக்கிறது. மிச்சமிருக்கும் இடம் முழுவதையும் தைக்க வேண்டும். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால். தையல் வகுப்பில் ‘ரன்னிங் ஸ்டிட்ச்’ என்று முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் அதே ஓட்டுத்தையல்தான். ஊசி உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அவ்வளவுதான். ஆனால் தேர்ந்த கை அதை நேர்க்கோட்டில் ஓட்டாது. யானையின் முதுகை ஒட்டி ஒரு வரி, அதற்கு வெளியே இன்னொரு வரி, அதற்கும் வெளியே இன்னொன்று என்று உருவத்தைச் சுற்றிச் சுற்றி விரிந்துகொண்டே போகும். குளத்தில் கல் போட்டால் விரியும் அலை மாதிரி. தாமரையிலிருந்து கிளம்பிய அலையும் யானையிலிருந்து கிளம்பிய அலையும் நடுவில் எங்கோ ஒன்றையொன்று சந்தித்து வளைந்துகொடுக்கும். நூலை லேசாக இழுத்துவிடுவதால் தையலுக்குத் தையல் துணி மெல்லச் சுருங்கி எழும்பும். காந்தாவைத் தடவினால் கைக்குத் தெரியும் அந்த நெளிவு இப்படி வருவது.

இது அலங்காரத்துக்காகச் செய்தது இல்லை. நைந்த துணி ஏழு அடுக்கு என்றால் ஏழும் தனித்தனியாக நழுவப் பார்க்கும். வெற்றிடத்தைத் தைக்காமல் விட்டால் நாலு துவைப்புக்குள் உள்ளே துணி உருண்டுவிடும். போர்வையைத் தாங்குவது வெள்ளை நூல். யானை அதன் மேல் சவாரி செய்கிறது.

பல காந்தாக்களில் உருவங்களைவிட இந்த வெள்ளைக்குத்தான் இடம் அதிகம். ஆனால் நாம் பார்க்கும் புகைப்படங்களில் அது வெறும் பின்னணி. மேலிருந்து நேராக விளக்குப் போட்டுப் படமெடுத்தால் மேடுபள்ளம் தெரியாது, வண்ணம் மட்டும் தெரியும். ஜசீமுத்தீனின் கவிதையும் அப்படித்தான் வெளிச்சம் போடுகிறது. சாஜு தைக்கும் காட்சிகள் நம் கண்முன் வருகின்றன. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் அவள் ஊசி எங்கே போனது என்று நாம் கேட்பதில்லை.

கேட்டவர்கள் சிலர் உண்டு. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882–1941) மாவட்டம் மாவட்டமாகப் பணியாற்றியபோதே காந்தாக்களைச் சேகரித்தார். கொல்கத்தாவின் ஓரத்தில் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்தின் உயிர்நாடியே அந்தச் சேகரிப்புதான். 1939இல் காந்தாவைப் பற்றி எழுதிய ஸ்டெல்லா க்ராம்ரிஷ், கிழிந்ததை ஒன்றுசேர்க்கும் செயலிலேயே ஒரு சடங்குத்தன்மை இருப்பதைக் கண்டார். அவர் வாசிப்பு கொஞ்சம் வானத்தைப் பார்த்தது. தாமரையில் பிரபஞ்சம் தெரிந்தது அவருக்கு. இருக்கட்டும். கந்தலிலிருந்து வாசிப்பைத் தொடங்கினார் என்பதே பெரிய விஷயம்.

3

இப்போது வண்ணத்துக்கு வருவோம். பழைய காந்தாக்களில் சிவப்பு, நீலம், கறுப்பு. பெரும்பாலும் அவ்வளவுதான். ஏன் இவ்வளவு சிக்கனம்? வண்ண நூல் கடையில் வாங்கியது இல்லை என்பதே காரணம். பழைய புடவைகளின் கரையிலிருந்து ஒவ்வொரு இழையாக உருவி எடுத்தது. புடவையின் உடல் வெள்ளை. கரை மட்டும் வண்ணம். ஒரு புடவையில் எவ்வளவு கரை இருக்குமோ அவ்வளவுதான் ஒரு பெண்ணின் வண்ணப்பெட்டி.

அந்தக் கரையின் வண்ணத்துக்கு ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது. சிவப்பு என்றால் மஞ்சிட்டி மாதிரி ஒரு வேர். படிகாரம் போட்டால்தான் நூலைப் பிடிக்கும். நீலம் அவுரி. அதற்குப் படிகாரம் வேண்டாம், பொறுமை வேண்டும். இலையை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, தொட்டியில் இறங்கி அடித்துக் கலக்கி, அடியில் படிவதை எடுத்துக் கட்டியாக்க வேண்டும். சாயம் முக்குபவர் அதை மறுபடி கரைத்துப் புளிக்கவைத்து நூலை முக்குவார். வெளியே எடுக்கும்போது நூல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும்.

வங்கத்தில் நீலத்தைப் பற்றிப் பேசினால் அடி உதை இல்லாமல் பேச முடியாது. முன்பணம் கொடுத்து, நெல் போட வேண்டிய நிலத்தில் அவுரி போடச் சொல்லி மிரட்டிய தோட்டக்காரர்களுக்கு எதிராக 1859இல் நதியாவிலும் ஜெஸ்ஸோரிலும் உழவர்கள் கிளம்பினார்கள். 1860இல் தீனபந்து மித்ரா ‘நீல் தர்ப்பண்’ நாடகத்தை எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும். நீலத்துக்காக அடிபட்ட அதே ஜெஸ்ஸோர் காந்தாவுக்கும் பேர்போன ஊர் என்பதைச் சும்மா தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. ஆண்கள் எந்தச் செடியை நடமாட்டோம் என்று நின்றார்களோ, அந்தச் செடியின் நிறத்தைப் பெண்கள் நைந்த கரையிலிருந்து இழை இழையாக மீட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு 1869இல் செயற்கைச் சிவப்பும், 1897இல் ஜெர்மனியின் செயற்கை நீலமும் சந்தைக்குக் கிளம்பின. ஆலை நூலும் கூடவே வந்தது. காந்தாவில் பச்சையும் மஞ்சளும் தாராளமாக நடமாட ஆரம்பித்தன.

நான் சொல்ல வருவது இதுதான்: உருவம் என்பது காந்தாவில் அரிதான நூலால் ஆனது. பின்னணி என்பது மலிவான நூலால் ஆனது. அரிதானதை நாம் ‘கலை’ என்றும், மலிவானதை ‘வேலை’ என்றும் பிரித்துவிட்டோம். தைத்தவளுக்கு இரண்டுக்கும் ஒரே ஊசிதான்.

வெள்ளைக்கும் ஒரு வரலாறு உண்டு. வங்கத்து இந்து விதவைகள் உடுத்தியது கரையே இல்லாத வெள்ளை, ‘தான்’. அப்படிப்பட்ட ஒரு புடவை காந்தாவுக்குள் போனால், உருவி எடுக்க அதில் வண்ணமே இருக்காது. ஒரு வீட்டில் மருமகளின் கரை தாமரையாகியிருக்கும். மாமியாரின் வெள்ளை, தாமரையைத் தாங்கும் அடுக்காகியிருக்கும். ‘காந்தா கதை சொல்கிறது’ என்று சொல்லிவிட்டு வண்ணத்தை மட்டும் வாசிப்பவர்கள், வண்ணம் மறுக்கப்பட்டவளை இன்னொரு முறை பின்னணிக்குத் தள்ளுகிறார்கள்.

4

‘சரி, ஆனாலும் எழுத மறுக்கப்பட்டவர்களுக்கு ஊசி பேனாவானது உண்மைதானே?’ என்று கேட்கத் தோணும். இது வலுவான கேள்வி. ரொஸிகா பார்க்கர் 1984இல் எழுதிய ‘தி சப்வர்ஸிவ் ஸ்டிட்ச்’ படித்தவர்கள் இன்னும் கூர்மையாகக் கேட்பார்கள். பெண்ணை அடக்கமாக உட்காரவைக்கக் கற்றுக்கொடுத்த பூவேலையே அவள் எதிர்ப்புக்கும் ஆயுதமானது என்பது அவர் வாதம். ஐரோப்பாவை வைத்துச் சொன்னது என்றாலும் நமக்கும் பொருந்துகிற இடங்கள் உண்டு.

ஆனால் வங்கத்தில் எழுத்துக்காகத் தவித்த ஒரு பெண்ணின் சாட்சியம் நம்மிடம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் சரிதத்தை எழுதிய ராஸசுந்தரி தேவி, பெண் படித்தால் ஊர் ஏசும் என்ற பயத்தில், சைதன்ய பாகவதத்தின் ஒரு ஏட்டை எடுத்து அடுக்களையில் ஒளித்துவைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்தப் பசிக்குத் தையல் மாற்றாகிவிடவில்லை. அவருக்கு எழுத்தே வேண்டியிருந்தது. ஒளித்தாவது எடுத்துக்கொண்டார்.

இன்னொரு சாட்சியம் குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மானதாசுந்தரி தாசி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா. தந்தைக்குச் சமர்ப்பணம் என்பதை அவர் யானையாகவோ தாமரையாகவோ சொல்லவில்லை. எழுத்தாகவே தைத்திருக்கிறார், தன் பெயரோடு. உருவங்களும் இருக்கின்றன, எழுத்தும் இருக்கிறது, பக்கத்துப் பக்கத்தில். எழுத வேண்டியதை அவர் எழுதினார். தைக்க வேண்டியதைத் தைத்தார்.

ஆக, ‘அவளுக்குப் பேனா கிடைக்கவில்லை, அதனால் ஊசி’ என்ற வாக்கியம் கேட்க இதமாக இருக்கிறது. அந்த இதம்தான் சிக்கல். பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டது ஓர் இழப்பு. அந்த இழப்புக்கு ஈடாக அவளிடம் அழகான போர்வை இருந்தது என்று கணக்கை நேர் செய்வது நம் குற்றவுணர்வைப் போக்கிக்கொள்ளும் வழி. இழப்பு இழப்பாகவே இருக்கட்டும். காந்தா காந்தாவாக இருக்கட்டும். அதைப் புத்தகம் என்று பதவி உயர்வு கொடுத்தால்தான் மதிப்போம் என்றால், நாம் மதிப்பது புத்தகத்தை மட்டும்தான்.

5

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு என்ன? இன்றைய சந்தை இந்த வாசிப்பை அப்படியே நம்பிவிட்டது.

வங்கதேச விடுதலைக்குப் பிறகு கிராமத்துப் பெண்களுக்கு வருமானம் வேண்டும் என்று காந்தாவைக் கையிலெடுத்தார்கள். பிராக் அமைப்பின் ‘ஆரோங்’ 1978இல் தொடங்கியது. சுரையா ரஹ்மான் வரைந்த உருவங்களைப் பெண்கள் சுவர்த்திரைகளாகத் தைத்தார்கள். சாஜுவின் கதையும் அப்படித் துணிக்கே திரும்பி வந்தது. இந்தியப் பக்கத்தில் மேற்கு வங்கத்தின் நக்‌ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போல்பூர், சாந்திநிகேதன் பக்கம் தயாராகும் ‘காந்தா புடவை’ இன்றைக்குச் சென்னைக் கண்காட்சிகளிலும் தொங்குகிறது.

அந்தப் புடவையைக் கையில் எடுத்துப் பாருங்கள். புதுப் பட்டு அல்லது டஸ்ஸர். ஒற்றை அடுக்கு. துளையிட்ட தாளில் வரைந்த உருவத்தைத் துணியில் அச்செடுத்து, வண்ண நூலால் நிரப்பியிருப்பார்கள். கையால்தான் தைத்தது, சந்தேகமில்லை. பல மாத உழைப்பு இருக்கும். ஆனால் பின்னணி வெறும் பட்டு. ஒன்றோடொன்று சேர்க்க அடுக்கே இல்லாதபோது வெள்ளை நூலுக்கு வேலை ஏது? உருவம் மட்டும் பிழைத்துக்கொண்டது.

இதற்கு நேர் எதிரான சரக்கும் ஒன்று உண்டு. வெளிநாட்டு இணையக் கடைகளில் ‘விண்டேஜ் காந்தா’ என்று விற்கும் போர்வைகள். பழைய புடவைகள் இரண்டு மூன்றைச் சேர்த்து, மேலிருந்து கீழ் வரை நேர்க்கோடாக ஓட்டுத்தையல். உருவம் எதுவும் கிடையாது. வரிகளுக்கு நடுவில் தாராளமான இடைவெளி. இங்கே பின்னணி மட்டும் பிழைத்திருக்கிறது, உருவத்தைச் சுற்றி வளைந்துகொடுக்கும் நெளிவு போய்விட்டது. ஒரு சந்தை யானையை விற்கிறது. இன்னொரு சந்தை அலையை விற்கிறது. இரண்டும் சேர்ந்திருந்த பொருளுக்கு வாங்குகிற ஆள் இல்லை.

இதற்காகத் தைக்கும் பெண்களைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. முன்பு மகள் கல்யாணத்துக்கும் பேரன் பிறப்புக்கும் தைத்தபோது யாரும் மணிக்கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கும் உரிமையும் அவளுக்கு இல்லை. இன்று கூலிக்குத் தைக்கிறாள். கணக்குப் பார்க்கிறாள். நல்லதுதான். ஆனால் யானையைக் காட்டி விலை பேசலாம், தாமரையைக் காட்டி விலை பேசலாம். யானைக்கும் தாமரைக்கும் நடுவில் இருக்கும் ஒரு சாண் வெள்ளையைக் காட்டி விலை பேச, அது இருப்பது வாங்குகிறவருக்கு முதலில் தெரிய வேண்டும். ‘ஒவ்வொரு தையலும் கதை சொல்கிறது’ என்று பழக்கிவைத்த கண்ணுக்கு, கதை சொல்லாத தையல் காசு கொடுக்கத் தேவையில்லாத தையல். ரசனையில் விட்ட ஓட்டை கூலியில் வந்து நிற்கிறது. விமர்சனம் பேசுவதால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

6

தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை. கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கோலம் பெண்களின் கணிதம்’, ‘கோலம் பெண்களின் கவிதை’ என்று எத்தனை கட்டுரைகள் வந்தாச்சு. புள்ளியையும் கம்பியையும் பற்றி எழுதுவோம். அதற்கு முன்னால் விடியலில் எழுந்து வாசல் கூட்டி, சாணம் கரைத்துத் தெளித்து, தரையைக் கோலத்துக்கு ஏற்றதாக ஆக்கும் கையைப் பற்றி எந்தக் கட்டுரையிலும் ஒரு பத்தி சேர்ந்தாற்போல் பார்ப்பது கஷ்டம். பல வீடுகளில் அந்தக் கையும் கோலம் போடும் கையும் ஒன்றுகூட இல்லை. தெளிப்பவள் கூலிக்கு வருபவள், கோலம் போடுபவள் வீட்டுக்காரி. கவிதை என்ற பட்டம் யாருக்குப் போகிறது என்று சொல்லத் தேவையில்லை.

சாஜுவின் காந்தாவை இனி வேறு மாதிரி படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜசீமுத்தீன் அவளுக்குக் கொடுத்தது ஒரு முடிவுள்ள கதை. அந்தக் கதை நம்மை அழவைக்கிறது, அது பெரிய கவிஞனின் வேலை. ஆனால் காத்திருப்பு என்பது காட்சிகளால் ஆனது இல்லை. ரூபை போன நாள் ஒரு காட்சி, அவள் படுத்த நாள் இன்னொரு காட்சி. நடுவில் எத்தனையோ நாட்கள் எதுவுமே நடக்கவில்லை. அந்த நாட்களுக்கு உருவம் கிடையாது. காந்தாவில் அவற்றுக்கு இடம் உண்டு என்றால் அது உருவங்களுக்கு நடுவில்தான் இருக்க முடியும். வெள்ளையில் வெள்ளையாக, குத்தி எடுத்து, குத்தி எடுத்து.

ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் க்ராம்ரிஷ் சேகரித்த காந்தாக்கள் இருக்கின்றன. படங்கள் இணையத்தில் கிடைக்கும். ஒன்றைத் திறந்து, எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்குங்கள். தாமரையை விட்டுவிடுங்கள், அதை எல்லோரும் பார்த்தாச்சு. ஏதாவது ஒரு மிருகத்தின் காலுக்கும் அடுத்த உருவத்துக்கும் நடுவில் இருக்கும் வெறுமையில் போய் நில்லுங்கள். அங்கே வரிகள் தெரியும். எந்தப் பக்கம் வளைகின்றன, எங்கே நெருங்குகின்றன, எங்கே கை அயர்ந்து தையல் கொஞ்சம் நீளமாகிறது என்று பாருங்கள். அதை வாசிக்க வங்காளி தெரிய வேண்டாம். கொஞ்ச நேரம் மட்டும் வேண்டும்.